குணமும் குடியும்: ஹாரி பாட்டர் புதின வரிசையில் மாணவர் பகுப்பு

முன்னுரை

ஜே.கே. ரௌலிங் எழுதிய ஹாரி பாட்டர் புதின வரிசை 1997ஆம் ஆண்டு தொடங்கி 2007ஆம் ஆண்டில் ஏழு நூல்களாக நிறைவுற்றது. மும்பை கிங்ஸ் சர்க்கிளில் மகேசுவரி உத்யானத்தைச் சார்ந்த நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளில் பொறியியல், மருத்துவப் பாடநூல்களுக்கிடையே இவ்வரிசை நூல்களும் கைமாறி வந்துள்ளன. மாட்டுங்கா, தாராவி, செம்பூர் ஆகிய பகுதிகளில் வாழும் தமிழ் மாணவர்களுள் பலர் தமிழ்க் கதை நூல்களைப் படிக்கும் முன்பே இத்தகைய ஆங்கிலப் பள்ளிக் கதைகளைப் படித்துவிடுகின்றனர். எனவே இக்கதைகள் மனிதரின் குணத்தையும் தகுதியையும் எவ்வாறு காட்டுகின்றன என்பது தமிழ்த் திறனாய்வும் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்றாகிறது.

ஹாக்வார்ட்ஸ் என்னும் மாயப் பள்ளியில் சேரும் ஒவ்வொரு மாணவரும் தம் பதினோராம் அகவையில் நான்கு இல்லங்களுள் ஒன்றில் சேர்க்கப்படுகின்றனர். தலையில் வைக்கப்படும் பழைய தொப்பி ஒன்று மாணவரின் மனத்தைப் படித்து இல்லத்தின் பெயரை உரக்கக் கூறுகிறது. வீரம் உடையோர் கிரிஃபிண்டார் இல்லத்திற்கும், அறிவுக் கூர்மை உடையோர் ரேவன்கிளா இல்லத்திற்கும், உழைப்பும் நேர்மையும் உடையோர் ஹஃபிள்பஃப் இல்லத்திற்கும், சூழ்ச்சித் திறனும் உயரும் வேட்கையும் உடையோர் ஸ்லிதரின் இல்லத்திற்கும் உரியர் என்பது கதையுலகின் விதி. இல்லத்தைத் தீர்மானிப்பது குணமே என்னும் இவ்விதியைப் புதினம் எந்த அளவிற்குக் காக்கிறது, எங்கே மீறுகிறது என்பதை நன்னூல், திருக்குறள் ஆகியவற்றின் மாணவர் தேர்வு, ஆள் தேர்வுச் சிந்தனைகளோடு ஒப்பிட்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இல்லம் என்னும் அமைப்பு

பள்ளியை இல்லங்களாகப் பிரிக்கும் முறை ஆங்கிலேய உறைவிடப் பள்ளிகளில் தோன்றியது. மாணவர் தங்கும் கட்டடமே இல்லம் எனப்பட்டது. தாமஸ் ஹியூஸ் 1857இல் வெளியிட்ட ‘டாம் பிரௌனின் பள்ளி நாட்கள்’ என்னும் புதினம் ரக்பி பள்ளியின் இல்ல வாழ்க்கையைக் கதைக்களமாக்கிப் பள்ளிக் கதை என்னும் வகைக்கு வழி வகுத்தது. எனிட் பிளைட்டன் எழுதிய மாலரி டவர்ஸ் கதைகளிலும் மாணவியர் நான்கு கோபுரங்களில் பிரிந்து வாழ்கின்றனர். ஆனால் அவற்றில் எந்த மாணவி எந்தக் கோபுரத்தில் வாழ்வது என்பதற்குக் குணம் காரணமாகக் காட்டப்படுவதில்லை. இடம் முதலில் அமைகிறது. பற்று பின்னர் வளர்கிறது.

இந்தியப் பள்ளிகள் இம்முறையைக் கைக்கொண்டபோது உறைவிடம் நீங்கிப் பெயரும் நிறமும் மட்டும் எஞ்சின. சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்னும் நான்கு அணிகளாக மாணவரைப் பிரித்து விளையாட்டுப் போட்டிகள் நடத்துவது மும்பைப் பள்ளிகளிலும் தமிழகப் பள்ளிகளிலும் வழக்கம். தமிழகப் பள்ளிகள் சில இவ்வணிகளுக்குக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் எனத் திணைப் பெயர்களைச் சூட்டுவதும் உண்டு. இங்கெல்லாம் பெயர்ப் பட்டியல் வரிசையோ, உடன்பிறந்தார் இருக்கும் அணியோதான் பெரும்பாலும் ஒரு மாணவரின் அணியை முடிவு செய்கிறது.

ரௌலிங் செய்த மாற்றம் இவ்விடத்தில்தான் அமைகிறது. நிருவாக வசதிக்காக ஏற்பட்ட பிரிவை அவர் குணத்தின் வெளிப்பாடாக மாற்றினார். அவ்வாறு மாற்றியவுடன் நான்கு இல்லங்களும் நான்கு வகை மனிதர்களாகிவிடுகின்றன. மேலை மரபில் உடல்நீர்மங்கள் நான்கின் மிகுதி குறைவால் மனிதரின் இயல்பு அமையும் என்ற பழைய மருத்துவக் கொள்கை நெடுங்காலம் நிலவியது. இல்லங்கள் நான்கும் அத்தகைய நால்வகைப் பாகுபாட்டின் புதுவடிவம் எனலாம். கதை சொல்வோருக்கு இது பெரிதும் பயன்படுகிறது. ஒரு பாத்திரத்தின் இல்லப் பெயரைச் சொன்ன அளவிலேயே அதன் குணம் பாதி சொல்லப்பட்டுவிடுகிறது. இ.எம். ஃபாஸ்டர் 1927இல் வகுத்த தட்டைப் பாத்திரம், முழுமைப் பாத்திரம் என்னும் பாகுபாட்டின்படி நோக்கினால், தொப்பி எல்லா மாணவரையும் முதலில் தட்டைப் பாத்திரங்களாக அறிமுகப்படுத்துகிறது. அவர்களுள் யார் முழுமைப் பாத்திரமாக வளர்கிறார் என்பதே ஏழு நூல்களின் கதையோட்டமாகிறது.

நன்னூலின் மாணாக்கர் வகை

குணத்தின் அடிப்படையில் மாணவரை வகைப்படுத்தும் முயற்சி தமிழுக்குப் புதிதன்று. நன்னூலின் பொதுப்பாயிரம் மாணாக்கரைத் தலை, இடை, கடை என மூன்றாகப் பகுத்து எட்டு உவமைகளால் விளக்குகிறது. அன்னமும் ஆவும் தலைமாணாக்கருக்கும், மண்ணும் கிளியும் இடைமாணாக்கருக்கும், இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவை கடைமாணாக்கருக்கும் உவமைகள். அன்னம் நீரைப் பிரித்துப் பாலைக் கொள்வது. ஆ வயிறார மேய்ந்து பின்னர் அசைபோடுவது. கிளி சொன்னதை மட்டும் சொல்வது. நெய்யரி நெய்யை விட்டுக் கசடைக் கொள்வது.

இவ்வுவமைகளைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். பவணந்தியார் மாணவரின் வீரத்தையோ நேர்மையையோ அளக்கவில்லை. பாடத்தை மாணவர் எவ்வாறு ஏற்கின்றனர் என்பதை மட்டுமே அளக்கிறார். எட்டு உவமைகளும் செயலைக் குறிப்பன. பிரித்தல், அசைபோடல், ஒழுகவிடல், கலக்குதல் என ஒவ்வொன்றும் கற்றல் நிகழும்போது மட்டுமே கண்டறியக் கூடியது. பாடம் தொடங்கும் முன்பு ஒருவரை அன்னம் என்றோ எருமை என்றோ கூற இயலாது. மேலும் மண் என்னும் உவமை, உழுவோன் முயற்சி எவ்வளவோ அவ்வளவே விளைவு என்று பொருள் தருவதால், மாணவரின் தகுதியில் ஆசிரியருக்கும் பங்குண்டு என்பதை உடன்பட்டுவிடுகிறது. ஹாக்வார்ட்ஸ் தொப்பியின் தீர்ப்பில் இவ்விரு கூறுகளும் இல்லை. அது கற்றலுக்கு முன்பே தீர்ப்பளிக்கிறது. ஆசிரியருக்கு அதில் பங்கில்லை.

எனினும் நன்னூலைக் குறையற்ற மாற்றாகக் காட்டிவிட முடியாது. பாடம் சொல்லப்படுவதற்கு உரியவர் யார் என்று அந்நூல் கூறும் பட்டியலில் தன் மகன், ஆசிரியன் மகன், அரசன் மகன், மிகுந்த பொருள் தருவோன் ஆகியோர் முதலில் நிற்கின்றனர். வழிபடுவோனும் சொன்னதை விரைந்து கொள்வோனும் அவர்களுக்குப் பின்னரே வருகின்றனர். அறுவருள் மூவர் பிறப்பால் தகுதி பெறுகின்றனர். ஒருவர் செல்வத்தால் பெறுகிறார். இருவர் மட்டுமே தம் குணத்தாலும் திறத்தாலும் பெறுகின்றனர். குணத்தை நுட்பமாக வகைப்படுத்தும் அதே நூல், வாயிலில் குடியையும் பொருளையும் நிறுத்தியிருக்கிறது என்பது கருதத்தக்கது. குணப் பாகுபாடு பேசும் அமைப்புகளில் குடி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடும் கண்ணை நன்னூலே நமக்குத் தருகிறது எனலாம். அக்கண்ணோடு ஹாக்வார்ட்ஸ் இல்லங்களை இனி நோக்கலாம்.

குணத்தின் போர்வையில் குடி

இல்லங்களை நிறுவிய நால்வருள் ஸ்லிதரின் தூய மாயக் குருதி உடையோரை மட்டுமே கற்பிக்க விரும்பினார் என்று புதினம் கூறுகிறது. குடிப்பிறப்பைத் தகுதியாக வெளிப்படையாகக் கேட்பவர் அவர் ஒருவரே. ஏனைய மூவரும் குணத்தையே கேட்டனர் என்பதால் குடிப்பெருமை பாராட்டும் குற்றம் ஸ்லிதரின் இல்லத்திற்கு மட்டுமே உரியதாகப் படிப்போர் கொள்கின்றனர். ஆனால் கதை நிகழ்ச்சிகள் வேறொன்றைக் காட்டுகின்றன.

வீஸ்லி குடும்பத்துப் பிள்ளைகள் அனைவரும் கிரிஃபிண்டார் இல்லத்தைச் சேர்ந்தவர்கள். முதல் நூலில் பள்ளிக்குச் செல்லும் தொடர்வண்டியிலேயே, தனக்கு அவ்வில்லம் கிடைக்காவிடில் வீட்டார் என்ன சொல்வார்களோ என ரான் அஞ்சுகிறான். ட்ரேக்கோ மால்ஃபாயின் தலையைத் தொப்பி சரியாகத் தொடும் முன்பே ஸ்லிதரின் என்று அறிவித்துவிடுகிறது. பிளாக் குடும்பத்தார் வழிவழியாக ஸ்லிதரின் இல்லத்தார். சீரியஸ் ஒருவர் மட்டும் மாறியமை ஆறாம் நூலிலும் வியப்போடு பேசப்படுகிறது. விதிவிலக்கு வியப்பைத் தருகிறது என்றால் விதி குடிவழியே செல்கிறது என்பது பெறப்படும். ஒரே வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் அனைவரும் ஒரே தலைமைக் குணம் உடையவர்களாக இருப்பது இயற்கையில் அரிது. ஆகவே தொப்பி படிப்பது குணத்தையா, வீட்டு வளர்ப்பையா என்ற வினா எழுகிறது.

இவ்வினாவிற்கு எதிர்ச்சான்றாகப் பாட்டீல் இரட்டையரைக் காட்டலாம். இந்தியப் பெயர் தாங்கிய இச்சகோதரியருள் பார்வதி கிரிஃபிண்டார் இல்லத்திலும் பத்மா ரேவன்கிளா இல்லத்திலும் சேர்கின்றனர். குடி ஒன்றாயினும் குணம் வேறாகலாம் என்பதற்குப் புதினம் தரும் தெளிவான சான்று இதுவே. ஆனால் அவ்விருவரின் குணவேறுபாட்டைக் காட்டும் நிகழ்ச்சிகள் மிகச் சிலவே. திரைப்படமாக்கியோர் இருவரையும் ஒரே இல்லத்தில் அமைத்தபோதும் கதைக்கு இழப்பொன்றும் நேரவில்லை. கொள்கையளவில் நிற்கும் இச்சான்றைப் புதினம் தன் கதைப்பின்னலில் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

தேர்வும் குணமும்

தொப்பியின் தீர்ப்பில் மூன்றாவது கூறாக மாணவரின் விருப்பம் அமைகிறது. ஹாரியிடம் வீரம், அறிவு, திறமை, தன்னை மெய்ப்பிக்கும் வேட்கை ஆகிய நான்கும் காணப்படுவதால் தொப்பி தயங்குகிறது. ஸ்லிதரின் வேண்டாம் என்று அவன் மனத்திற்குள் வேண்டிய பிறகே கிரிஃபிண்டார் என்கிறது. ஹெர்மயனியை ரேவன்கிளாவில் சேர்க்கத் தொப்பி எண்ணியதை ஐந்தாம் நூலில் அவளே கூறுகிறாள். இரண்டாம் நூலின் இறுதியில் டம்பிள்டோர், ஒருவரை உள்ளபடி காட்டுவது அவருடைய திறமையைவிட அவர் செய்யும் தேர்வே என்று ஹாரிக்கு விளக்குகிறார். இக்கருத்தே வரிசையின் அறமாகப் பலராலும் போற்றப்படுகிறது.

இங்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. விருப்பம் தீர்ப்பை மாற்றும் என்பதை அறிந்தவர் மட்டுமே விரும்ப இயலும். ஹாரி அதை அறியாமலேயே வேண்டினான். அவன் வேண்டுதலுக்குக் காரணமும் ஸ்லிதரின் குறித்துச் சற்று முன் கேட்ட செய்திகளே. ஏழாம் நூலின் இறுதியில் தன் மகனுக்கு அவன் இவ்வுண்மையைச் சொல்லும்போது, தேர்வுரிமை என்பதும் தந்தையிடமிருந்து மகன் பெறும் செல்வமாகிவிடுகிறது. இவ்வாறு சொல்லித்தரத் தந்தை இல்லாத மாணவருக்கு அவ்வுரிமை இருந்தும் பயனில்லை.

வள்ளுவரின் உரைகல்

ஆளைத் தேர்ந்து தெளியும் முறையைத் திருக்குறள் தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என்னும் இரு அதிகாரங்களில் விரித்துரைக்கிறது. ஒருவரின் குணத்தையும் குற்றத்தையும் ஆராய்ந்து, மிகுந்து நிற்பதைக் கொண்டு அவரை மதிப்பிட வேண்டும் என்பது வள்ளுவர் கூறும் முறைகளுள் ஒன்று. தொப்பி செய்வதும் இதுவே. எல்லாரிடமும் எல்லாக் குணமும் ஓரளவு உண்டு. மிக்கது எது என்று காண்பதே தொப்பியின் வேலை. ஆனால் வள்ளுவர் அத்துடன் நிற்கவில்லை. பெருமைக்கும் சிறுமைக்கும் உரைகல்லாக அமைவது அவரவர் செயலே என்கிறார். அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்னும் நான்கின் வழியாக ஒருவரைச் சோதித்துத் தெளிய வேண்டும் என்கிறார். பரிமேலழகர் இந்நான்கையும் நிகழ்ச்சிகளாக அமைத்து நடத்தப்படும் சோதனைகளாக விளக்குகிறார். அதற்கும் மேலாக, எல்லா வகையாலும் ஆராய்ந்து தெளிந்த பின்னும் பொறுப்பேற்றபின் செயல் வகையால் வேறுபடும் மாந்தர் பலர் என்று அடுத்த அதிகாரத்தில் எச்சரிக்கிறார்.

இவ்வெச்சரிக்கைக்குப் பீட்டர் பெட்டிக்ரூ என்னும் பாத்திரத்தைவிடப் பொருத்தமான சான்று இப்புதினத்தில் இல்லை. வீரர்க்குரிய இல்லத்தில் சேர்க்கப்பட்ட அவன் உயிரச்சத்தால் நண்பரைப் பகைவனிடம் காட்டிக்கொடுக்கிறான். வள்ளுவர் கூறிய நான்காம் சோதனையில் அவன் தோற்கிறான். தொப்பி அச்சோதனையை நடத்தவில்லை. பதினோரு அகவைச் சிறுவனிடம் நடத்தவும் இயலாது. மறுபுறம், நீண்ட நேரத் தயக்கத்திற்குப் பின் கிரிஃபிண்டாரில் சேர்க்கப்பட்ட நெவில், ஏழாம் நூலில் எரியும் அதே தொப்பியிலிருந்து வாளை உருவுகிறான். அச்செயலே அவன் குணத்திற்கு உரைகல்லாகிறது. தொப்பியின் கூற்று உண்மையாகியது அவன் ஏழாண்டு முயற்சியால் என்பதே பொருத்தம்.

செவெரஸ் ஸ்னேப் பாத்திரம் இவ்விரண்டினும் சிக்கலானது. ஸ்லிதரின் இல்லத்தவரான அவர் உயிரைப் பணயம் வைத்துப் பல ஆண்டுகள் மறைமுகமாகப் பணியாற்றுகிறார். அவருடைய துணிவைக் கண்ட டம்பிள்டோர், மாணவரை மிக விரைவில் இல்லங்களாகப் பிரித்துவிடுகிறோமோ எனத் தமக்குச் சில வேளை தோன்றுவதாகக் கூறுகிறார். தொப்பியின் முறைமை மீது பள்ளித் தலைவரே எழுப்பும் ஐயமாக இதனைத் திறனாய்வாளர் கொள்வது உண்டு. ஆயினும் இக்கூற்றில் மற்றொரு பொருளும் அடங்கியுள்ளது. ஸ்லிதரின் இல்லத்தவர் ஒருவர் வீரராகத் திகழ்ந்தால், அவரை வேறு இல்லத்திற்கு உரியவராகக் கருத வேண்டும் என்பதே இப்பாராட்டின் உட்கிடை. வீரம் கிரிஃபிண்டாரின் உடைமை என்னும் எண்ணம் பாராட்டிலும் மாறவில்லை. பாராட்டுபவர் அவ்வில்லத்தவர் என்பதும் கருதத்தக்கது. ஒரு பிரிவின் நல்லோரை அப்பிரிவினர் அல்லர் என்று சொல்லி ஏற்றுக்கொள்வது அப்பிரிவின் மீதான பழியை அப்படியே நிறுத்திவைக்கும் வழியாகும். சாதிச் சமூகத்தில் வாழும் வாசகருக்கு இவ்வகைப் பாராட்டு புதிதன்று.

குணவழிப் பகுப்பும் அம்பேத்கரின் மறுப்பும்

நால்வகைப் பிரிவு பிறப்பால் அமைந்தால் தீது, குணத்தால் அமைந்தால் நன்று என்னும் வாதம் இந்தியச் சூழலில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. வருணம் குணத்தையும் செயலையும் ஒட்டியது என்று கீதையை எடுத்துக்காட்டிச் சீர்திருத்தவாதிகள் பலர் வாதிட்டனர். டாக்டர் அம்பேத்கர் லாகூர் மாநாட்டிற்காக எழுதி, அம்மாநாடு கைவிடப்பட்டமையால் 1936இல் தாமே நூலாக வெளியிட்ட ‘சாதி ஒழிப்பு’ இவ்வாதத்தை நேரடியாக எதிர்கொள்கிறது. மனிதரின் குணங்கள் எண்ணற்றவை, மாறுபடுபவை. அவர்களைத் தெளிவாக வரையறுத்த சில வகுப்புகளுக்குள் அடக்குவது மேலோட்டமான மனிதப் பார்வை என்று பிளேட்டோவின் மூவகைப் பகுப்பையும் சேர்த்தே அவர் மறுக்கிறார். பிறப்பால் அமைந்த பெயர்களை அப்படியே வைத்துக்கொண்டு, இனி அவை குணத்தைக் குறிக்கும் என்று சொல்வதால் பழைய எண்ணங்கள் அகலா என்பதும் அவர் காட்டும் தடை. அம்பேத்கர் வாழ்ந்த ராஜகிருகம் இல்லம் கிங்ஸ் சர்க்கிளுக்கு அண்மையில் தாதர் இந்து காலனியில் உள்ளது.

இம்மறுப்பைத் துணைக்கொண்டு ஐந்தாம் நூலை (2003) நோக்கினால் தொப்பியின் பாடல் புதுப்பொருள் பெறுகிறது. மாணவரைப் பிரிப்பது தன் கடமையாயினும் அது தவறோ எனத் தான் அஞ்சுவதாகவும், பிரிந்து நின்றால் பள்ளி உள்ளிருந்தே சிதையும் எனவும் தொப்பியே பாடுகிறது. பகுக்கும் கருவி தன் பகுப்பை ஐயுறுகிறது. ஆனால் அவ்வாண்டும் அது மாணவரைப் பிரித்துவிட்டே அமைகிறது. இறுதிப் போரில் ஸ்லிதரின் மாணவர் மண்டபத்தைவிட்டு வெளியேற்றப்படுகின்றனர்; அவர்களின் ஆசிரியர் ஸ்லக்ஹார்ன் துணைப்படையோடு திரும்பி வருவது மட்டுமே அப்பழியைச் சற்றுத் தணிக்கிறது. பத்தொன்பது ஆண்டுகள் கழிந்த இறுதி இயலிலும் இல்லங்கள் அப்படியே நீடிக்கின்றன. அமைப்பின் குறையை உணர்ந்த புதினம் அமைப்பைக் கைவிடத் துணியவில்லை எனலாம்.

மும்பைத் தமிழரின் வாழ்க்கையோடு இதனைப் பொருத்திக் காண்பது மிகையன்று. அலுவலகப் பணிகளுக்காக வந்த தமிழர் மாட்டுங்காவிலும், தோல் பதனிடுதல் முதலிய தொழில்களுக்காகத் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்த தமிழர் தாராவியிலும் பெருமளவில் குடியேறினர். அருகருகே உள்ள இவ்விரு பகுதிகளிலும் தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932 முதல் நடத்திவரும் கல்வி நிலையங்கள் ஒருபுறமும், மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகள் மறுபுறமுமாகத் தமிழ்ப் பிள்ளைகள் கற்று வந்துள்ளனர். ஒரு பிள்ளை எந்தப் பள்ளியில் சேர்கிறது என்பதை முடிவு செய்வன தெருவும், பயிற்றுமொழியும், கட்டணமும். பின்னர் அப்பள்ளி தரும் பேச்சும் நடையும் தன்னம்பிக்கையும் அப்பிள்ளையின் குணமாகக் கொள்ளப்படுகின்றன. இடம் குணத்தைத் தருகிறது. ஆனால் குணமே இடத்தைத் தந்ததாகக் கருதப்படுகிறது. தொப்பியின் தீர்ப்பு இத்தலைகீழ் எண்ணத்தின் கதைவடிவமாகும்.

தமிழ்த் திணைக்கோட்பாடு இதனை நேர்வழியில் கூறுகிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். ஒழுக்கமாகிய உரிப்பொருள் அவற்றோடு இயைந்து அமைவது. திணை மயங்குதலுக்கும் இலக்கணம் இடம் தருகிறது. கிரிஃபிண்டார் இல்லத்தில் இருந்துகொண்டு பாம்பின் மொழி பேசும் ஹாரி அத்தகைய மயக்கத்திற்குரிய பாத்திரம். மயக்கத்தை இயல்பென ஏற்கும் மரபிலிருந்து நோக்கினால், அவனுக்கு அது குறித்து எழும் அச்சம் தேவையற்றது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. ஹாக்வார்ட்ஸ் இல்லப் பகுப்பில் குணம் மட்டுமே அளவுகோல் என்று கூறப்பட்டாலும், குடிவழியும் விருப்பமும் அதற்கு இணையாகச் செயல்படுகின்றன.

2. நன்னூல் மாணவரின் குணத்தைக் கற்றல் செயலில் கண்டறிகிறது. புதினமோ கற்றலுக்கு முன்பே முடிவு செய்கிறது. ஆயினும் பாடம் பெறுவதற்கு உரியோரைக் கூறுமிடத்து நன்னூலும் குடியையும் பொருளையும் தகுதியாக ஏற்கிறது.

3. மிக்க குணம் நாடும் தொப்பியின் முறை குறள் நெறியோடு ஒத்தது. செயலை உரைகல்லாகக் கொள்வதிலும், தெளிந்தபின்னும் மாந்தர் வேறுபடுவர் என உணர்வதிலும் குறள் அதனைக் கடந்து செல்கிறது. பெட்டிக்ரூ, நெவில், ஸ்னேப் ஆகிய பாத்திரங்களின் வாழ்வு தொப்பியைவிடக் குறளுக்கே சான்றாக அமைகிறது.

4. குணவழி நால்வகைப் பகுப்பு பிறப்புவழிப் பகுப்பினும் மேம்பட்டதாகத் தோன்றினும், அம்பேத்கர் காட்டிய தடைகள் அதற்கும் பொருந்தும். ஒரு பிரிவின் நல்லோரை வேறு பிரிவிற்கு உரியோராகப் பாராட்டும் வழக்கம் இதனை உறுதிப்படுத்துகிறது.

இளம் வாசகர் தம்மை எந்த இல்லத்தவர் என்று கேட்டுக்கொள்வது இக்கதைகளைப் படிப்போரிடம் இயல்பாக எழும் விளையாட்டு. அவ்வினாவோடு, அந்த இல்லத்தை யார் வகுத்தார், எதைக் கொண்டு வகுத்தார் என்னும் வினாக்களையும் கேட்கக் கற்பிப்பது இலக்கிய ஆசிரியரின் பணியாகும்.